கவலைச் சரிவும் கல்லூரி இயற்பியலும்

(கிணத்துக்கடவில் மாணவரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே அமைந்த இவ்வூரின் பெயரிலேயே கிணறு இருக்கிறது. இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் வாழ வைத்ததும் கிணறே. பாலைக்காட்டுக் கணவாய்க் காற்று உலர்த்தும் இந்நிலத்தில், மின்பொறி வருமுன், பயிருக்கு நீர் ஏற்றியது கவலை. முதியோர் அதனை அறிவர். கிணற்று மேட்டில் உருளை, அதன்மேல் ஓடும் வடம், வடத்தின் முனையில் தோல்வால் பொருத்திய பறி, மறுமுனையில் இணைமாடுகள். சரிவான தடத்தில் மாடுகள் கீழிறங்கப் பறி மேலேறும். மாடுகள் பின்னேறப் பறி கிணற்றுள் இறங்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணியவர் இலர்.

இன்றைய பேச்சின் பொருள் இயற்பியல். அதனைக் கவலையில் தொடங்குவதற்குக் கரணியம் உண்டு. கல்லூரி முதலாண்டு மாணவனை அச்சுறுத்தும் விசையியல் முதல் வெப்ப இயக்கவியல் வரையுள்ள இயல்கள் யாவும் அக்கிணற்று மேட்டிலேயே நின்றன. அவற்றைக் கண்டு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை, அவற்றையே கல்லூரியில் காணும்போது ஏன் மருள்கிறான்? இவ்வுரை விடைகாண முயல்வது இவ்வொரு வினாவுக்கே.

தமிழ்நாட்டரசு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூலை எடுத்துப் பாருங்கள். அளவீட்டில் தொடங்கி, இயக்கவியல், இயக்க விதிகள், வேலை ஆற்றல் திறன், திண்பொருள்களின் இயக்கம், ஈர்ப்பியல், பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல் என்று அது வரிசையாகச் செல்கிறது. அத்தனையும் தமிழில் இருக்கிறது. இளம் அறிவியல் பட்டப்படிப்பின் தொடக்கத்தில் வருவதும் பெரும்பாலும் இதே வரிசைதான். சற்று ஆழம் மிகும். நுண்கணக்கின் துணை கூடும். ஆகவே தமிழ்வழியில் பயின்றவனுக்கு இது முன்பே நடந்து பழகிய பாதை.

ஆனால் நடப்பது வேறு. உந்தம் என்றால் என்னவென்று பள்ளியில் அறிந்தவன், கல்லூரியில் 'மொமெண்டம்' என்று கேட்டவுடன் புதியதொன்று வந்துவிட்டதாக எண்ணுகிறான். நிலைமம் அறிந்தவன் 'இனெர்சியா' கேட்டுத் திகைக்கிறான். நேற்று அறிந்தது இன்று அறியாததாகிறது. வகுப்பில் ஐயம் எழுகிறது, கேட்பதற்கு மொழியில்லை. வாய் மூடுகிறது. பின்பு நெட்டுருப் போடுகிறான். தேர்வில் எண் மாறி வந்த கணக்கு அவனைத் தோற்கடிக்கிறது. 'பையன் மண்டையில் ஏறவில்லை' என்று வீட்டார் வருந்துகின்றனர். அவனும் அதனை நம்பிவிடுகிறான். இதனினும் பெரிய கேடு வேறில்லை.

ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். இயற்பியல் எம்மொழியிலும் எளிதன்று. ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்ட மாணவனும் அதில் இடர்ப்படுகிறான். அவ்விடர் நல்லது, அறிவு வளரும் இடம் அதுவே. தமிழ் மாணவன் மீதோ மற்றோர் இடரும் ஏற்றப்படுகிறது. தன்னை வீழ்த்துவது இயற்பியலா, பிறமொழியா என்று பிரித்தறியவே அவனால் இயலவில்லை. நோய் இன்னதென்று தெரியாதவன் எம்மருந்தை நாடுவான்?

எடுத்துக்காட்டாக, 'வேலை' என்னும் சொல்லைக் கொள்க. சந்தையில் தக்காளிக் கூடையைத் தலையில் தாங்கி ஒருவன் கால்மணி நேரம் அசையாது நிற்கிறான். கழுத்து வலிக்கிறது, வியர்வை வழிகிறது. ஆயினும் அவன் கூடையின்மீது யாதொரு வேலையும் செய்யவில்லை என்கிறது இயற்பியல். விசையும், அவ்விசையின் திசையில் நகர்ச்சியும் சேர்ந்தால்தான் அங்கே வேலை என்பது கருத்து. இதனைத் தமிழில் கேட்ட மாணவன் எழுந்து நின்று வழக்காடுவான். 'அவன் களைத்துப் போனானே, அது எங்ஙனம்?' என்பான். நல்ல ஆசிரியர் அப்போது, தசைகள் உள்ளுக்குள் இழுத்தும் தளர்ந்தும் ஆற்றலைச் செலவிடுகின்றன, அது வெப்பமாகிறது, கூடைக்கு அது போய்ச் சேரவில்லை என்று விளக்குவார். அந்த ஒரு வழக்காட்டில் விசையியலும் வெப்பவியலும் கைகோக்கின்றன. அதே கருத்தை அயன்மொழியில் கேட்டவன் வழக்காட மாட்டான், எழுதிக்கொள்வான். வழக்காடாமல் இயற்பியல் வராது.

இனிக் கவலைக்கு வருவோர் கணக்கையும் பார்க்கட்டும். கிணற்றின் ஆழம் 10 மீட்டர், பறி கொள்ளும் நீர் 60 லிட்டர் எனக் கொள்க. அந்நீரின் நிறை 60 கிலோகிராம். அதன் எடை, 60ஐ 9.8ஆல் பெருக்க, 588 நியூட்டன். நிறையும் எடையும் ஒன்றல்ல என்பதை மாணவன் இங்கே உணர்கிறான். 588 நியூட்டன் எடையை 10 மீட்டர் உயர்த்த ஆகும் வேலை 5,880 யூல். (ஈழத்துப் பாடநூல்கள் இவ்வலகை யூல் என்றே எழுதுகின்றன.) ஒருமுறை இறைக்க 20 நொடி ஆயின், திறன் 294 வாட்டு. ஐந்து குதிரைத்திறன் மின்பொறி ஒன்றின் திறனோ ஏறத்தாழ 3,730 வாட்டு. இணைமாட்டைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். 1930களில் பைக்காரா மின்னாற்றல் வந்தபின் கொங்குநாட்டு வேளாண்மை ஏன் மாறிற்று, கோவை ஏன் நீரேற்றிகளின் ஊராயிற்று என்பதற்கு விடை இவ்விரண்டு எண்களுக்கிடையே இருக்கிறது.

இனிச் சரிவு. மாடுகள் ஏன் சமதரையில் நடவாமல் சரிவில் இறங்கின? ஒரு மாடு 350 கிலோகிராம், இணை 700 கிலோகிராம் எனக் கொள்க. தடத்தில் 10 மீட்டர் நடக்க ஒரு மீட்டர் கீழிறங்கும் சரிவு. அப்போது மாடுகளின் எடையில் சரிவின் போக்கில் அமையும் பகுதி 686 நியூட்டன். பறியோ கேட்பது 588 நியூட்டன். பறியின் எடையையும் உராய்வையும் முதற்கண் ஒதுக்கிவைத்தால், மாடுகளின் எடையே நீரை ஏற்றப் போதுமானதாகிறது. 'அப்படியானால் நீர் விலையின்றி வந்ததா?' என்று மாணவன் கேட்க வேண்டும். அவ்வினாவில்தான் ஆற்றல் அழிவின்மை விதி உயிர் பெறுகிறது.

விலையின்றி வரவில்லை. மாடுகள் ஒரு மீட்டர் இறங்கியபோது அவற்றின் நிலையாற்றல் 6,860 யூல் குறைந்தது. அதில் 5,880 யூல் நீருக்குப் போயிற்று. எஞ்சியது உருளையின் உராய்விலும் பிறவற்றிலும் செலவாயிற்று. பின்னேறும்போது அதே 6,860 யூலையும் மாடுகள் தம் தசையால் திருப்பிக் கட்டியாக வேண்டும். அதனைத் தந்தது அவை தின்ற தீவனம். சரிவு ஆற்றலைப் படைக்கவில்லை. பளுவுள்ளபோது தர வேண்டியதை, பளுவில்லாதபோது தருமாறு மாற்றியமைத்தது. அவ்வளவே! அதனைக் கண்டறிந்து தடம் வெட்டிய உழவனுக்குச் சமன்பாடு தெரியாது, இயற்கை தெரிந்திருந்தது. சமன்பாடு கற்கும் பேரனுக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

விசையியல் இங்கே நிற்க, வெப்பம் தொடங்குகிறது. நீர் நிறைந்த பறி மேலே வந்தவுடன் வடம் அறுந்துவிட்டது எனக் கொள்க. பறி 10 மீட்டர் வீழ்ந்து கிணற்று நீரில் மோதுகிறது. ஓசை எழுகிறது, அலை எழுகிறது, அடங்குகிறது. அந்த 5,880 யூல் எங்கே போயிற்று? வெப்பமாயிற்று. எவ்வளவு வெப்பம்? ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியசு சூடாக்க ஏறத்தாழ 4,186 யூல் வேண்டும். அத்தனை ஆற்றலும் அந்த 60 கிலோகிராம் நீரிலேயே தங்கினாலும் அதன் வெப்பநிலை 0.023 பாகைதான் உயரும். கைக்கு அது தெரியாது. அதனாலன்றோ வேலையும் வெப்பமும் ஒன்றே என்பதை உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தது! 1840களில் இங்கிலாந்தில் யூல் என்பார், கீழிறங்கும் எடைகளால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, நுண்ணிய வெப்பமானியால் அந்தச் சிறு உயர்வை அளந்து காட்டினார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மது வடிக்கும் தொழிலகத்தார் ஒருவரின் மகன்.

மேலும் ஒரு வினா. வீழ்ந்த பறியின் ஆற்றல் வெப்பமாயிற்றே, அந்த வெப்பம் மீண்டும் திரண்டு, கிணற்று நீர் சிறிதே குளிர்ந்து, பறியை மேலே எறியுமா? ஆற்றல் அழிவின்மை விதி அதனைத் தடுக்கவில்லை. கணக்குச் சரியாகவே இருக்கும். ஆயினும் எவரும் அதைக் கண்டதில்லை. ஒழுங்காக ஒரு திசையில் வீழ்ந்த இயக்கம், எண்ணற்ற மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற அசைவாகச் சிதறிவிட்டது. சிதறியது தானே ஒன்றுகூடாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று நூல்கள் அஞ்சத்தக்க முறையில் எழுதுவது இதுவே.

ஊரார் 'ஆயில் எஞ்சின்' என்னும் எண்ணெய்ப் பொறியிலும் அதே விதி ஆள்கிறது. எண்ணெய் எரிந்து தரும் வெப்பத்தில் ஒரு பகுதியே நீரை ஏற்றுகிறது; பெரும்பகுதி புகையிலும் குளிர்விக்கும் நீரிலும் போகிறது. பொறி செய்தவரின் குறைபாடு மட்டுமன்று அது. எந்த வெப்பப் பொறிக்கும் இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கிறது என்பதைப் பிரான்சு நாட்டுக் கார்னோ 1824இல் காட்டினார். சூடான பக்கம் 600 கெல்வின், குளிர்ந்த பக்கம் 300 கெல்வின் ஆயின், எவ்வளவு திறம்படச் செய்தாலும் பாதிக்குமேல் வேலையாக மாறாது. அதனை எழுதியபோது அவர் முப்பது அகவை எட்டாத இளைஞர். எழுதியது தம் தாய்மொழியாகிய பிரெஞ்சில்.

தாய்மொழி என்றவுடன் 'அறிவியலுக்கு ஆங்கிலமே மொழி' என்பார் சிலர். அன்னோர் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அறிஞருக்கு இலத்தீனே மொழி என்றிருந்த நாளில், கலிலியோ 1632இல் தம் உரையாடல் நூலை மக்கள் பேசிய இத்தாலியத்தில் எழுதினார். நியூட்டன் 1687இல் இயக்க விதிகளை வெளியிட்டது ஆங்கிலத்திலன்று, இலத்தீனில். அவரே 1704இல் ஒளியியலை ஆங்கிலத்தில் தந்தார். அவருடைய முதல் நூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பெற்றது 1729இல்தான். ஆங்கிலமும் ஒருநாள் இலத்தீனின் வாயிலில் நின்ற மொழியே! 1865இல் செருமானியரான கிளாசியசு, சிதறலை அளக்க ஒரு சொல் வேண்டிக் கிரேக்க வேரிலிருந்து 'என்ட்ரோப்பி' என்று ஆக்கினார். அவருக்கும் அச்சொல் வானத்திலிருந்து வீழவில்லை. தமிழில் அதனைச் சிதறம் என வழங்குவோர் உளர். சிதறு என்னும் வேரைக் கேட்டவுடன் கிணற்றில் வீழ்ந்த பறி கண்முன் வருகிறதன்றோ? சொல்லே பாதி விளக்கம் தருவது தாய்மொழியில் மட்டுமே.

தமிழால் இயலுமா என்னும் ஐயத்துக்கும் வரலாறு விடை சொல்லும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் பயிற்றினார். ஈழத்தில் உயர்தரத் தேர்வு வரை இயற்பியல் தமிழில் பயிலப்படுகிறது. கொங்கு மண்ணும் இதில் பின்னடையவில்லை. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். அவர் கல்வியமைச்சராக இருந்த நாளில், 1960இல், கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு முதன்முதலாகத் தொடங்கப்பெற்றது. கட்சி வேறுபாடு கடந்து நினைக்கத்தக்க செயல் அது. முதலில் கலைப் பாடங்கள், பின்னர் அறிவியலும். கோவையிலிருந்து 1948 முதல் 'கலைக்கதிர்' அறிவியல் திங்களிதழ் வெளிவந்தது; அதனைத் தொடங்கியவர் ஜி. ஆர். தாமோதரன். கொங்குநாட்டுப் பெரியசாமித் தூரன் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பதிப்பித்தார். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கென இயற்பியல், வேதியியல் நூல்களை எழுதுவித்தது. அவற்றுட் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கிற்று.

இத்தனை இருந்தும் ஏன் வேரூன்றவில்லை? பழியை அரசின்மேல் மட்டும் போட்டுவிட்டு அமைதல் நேர்மையாகாது. ஆங்கிலம் படித்தால்தான் வேலை என்னும் அச்சம் பெற்றோரைப் பற்றியது. நூல் அச்சாயிற்று, வகுப்பில் புகவில்லை. தமிழ்ப் பற்றாளரிடத்தும் குறையுண்டு. சொல் ஆக்குவதில் காட்டிய ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கைக் கணக்குப் போட்டுப் பழக்குவதில் காட்டவில்லை. ஒரு கருத்துக்கு நான்கு சொற்களைப் படைத்து, எது தூயது என்று தமக்குள் பொருதனர். மாணவனோ நான்கையும் அறியாமல் போனான். 'உந்தம்' என்று சொல்லத் தெரிந்தவன் உந்தத்தை அறிந்தவனாகிவிட மாட்டான். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி, மோதலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, விடை கண்டவனே அறிந்தவன். தமிழ்ப்பற்று கணக்குக்கு மாற்றாகாது. கணக்கைத் துணிந்து தொடுவதற்கான நெஞ்சுரத்தையே அது தரும்.

ஆகவே செய்ய வேண்டியன சில.

மாணவச் செல்வங்களே! பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைப் பழைய தாளுக்குப் போட்டுவிடாதீர்கள். கல்லூரி நூலுக்குப் பக்கத்தில் அதனை விரித்து வையுங்கள். ஏட்டில் இரு பத்தி வகுத்து, தமிழ்ச்சொல்லையும் கல்லூரியில் வழங்கும் சொல்லையும் எதிரெதிரே எழுதுங்கள். முந்நூறு சொற்கள் கைவந்தால் முதலாண்டின் பெரும்பகுதி திறந்துவிடும். ஒவ்வொரு விதியையும் முதலில் குறியீடின்றித் தமிழில் வீட்டிலுள்ளோர்க்குச் சொல்லிப் பாருங்கள். பாட்டிக்கு விளங்கச் சொல்ல இயலாவிடின் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்பது பொருள். பின்னர்ச் சமன்பாடு எழுதுங்கள். பின்னர் உங்கள் தோட்டத்துக் கிணற்றின் ஆழத்தையும் மின்பொறியின் திறனையும் கொண்டே கணக்குப் போடுங்கள். விடையின் அலகு சரியா என்று பாருங்கள். ஆங்கிலத்தைப் பகைக்க வேண்டா. அதனை ஒரு மொழியாக நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அறிவின் வாயிற்காவலனாக மட்டும் அதனை நிறுத்தாதீர்கள்.

பெற்றோரே! பிள்ளை ஒரு தாளில் தேறவில்லையெனில் 'இவனுக்கு வராது' என்னுமுன், 'தமிழில் சொல், பார்ப்போம்' என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்கினால், அவனுக்கு வரும்.

ஆசிரியப் பெருமக்களே! தேர்வு எம்மொழியிலாயினும் விளக்கம் தமிழில் அமைவதைத் தடுப்பார் எவர்? ஆங்கிலவழிப் படிப்பாயினும் மாணவர் தேர்வைத் தம் மொழியில் எழுத இடந்தருமாறு பல்கலைக்கழக நல்கைக் குழுவே 2023 ஏப்பிரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. கதவு சற்றே திறந்திருக்கிறது. உள்ளே அழைத்துச் செல்வது உங்கள் கையில் உள்ளது.

தமிழன்பர்களே! மேடைதோறும் தமிழின் தொன்மையைப் பேசியது போதும் என்பதன்று. அதனோடு திங்களுக்கு ஒருமுறையேனும் ஊர்தோறும் நான்கு மாணவரைக் கூட்டி, ஓர் இயற்பியல் கணக்கைத் தமிழில் போட்டுக் காட்ட ஒருவரைத் தேடுங்கள். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். கிணற்றுமேட்டில் பிறந்த அறிவு கிணற்றுமேட்டுப் பிள்ளைக்கு அயலாகிவிடக் கூடாது.

கவலை போயிற்று, மின்பொறி வந்தது. அதனை எவரும் வருந்தத் தேவையில்லை. ஆனால் நீரை மேலேற்றும் வேலைக்குத் தரவேண்டிய விலை இன்றும் மாறவில்லை. 60 கிலோகிராம் நீர் 10 மீட்டர் ஏற இன்றும் 5,880 யூல் வேண்டும். அறிவுக்கும் அப்படியே. உழைப்பின்றி எம்மொழியிலும் அது மேலேறாது. ஆனால் தாய்மொழி அந்தச் சரிவைப் போன்றது. உழைப்பை அது நீக்காது. உழைக்கும் பிள்ளையின் எடை முழுவதையும் அவன் பக்கமே நிற்கச் செய்யும். அந்தச் சரிவை அவனுக்கு மறுத்துவிட்டு, 'நீ இழுக்கவில்லை' என்று அவனைப் பழிக்காதிருப்போர் பெருகட்டும்.

வெல்க தமிழ்! வளர்க அறிவு!